நடுவர் அவர்களே, கிட்டாரும் பாட்டுத்தான்

பழைய பாடலா புதிய பாடலா என்று வழக்காடுவதில் எங்கள் திண்டுக்கல்லுக்கு ஈடான ஊர் இல்லை. ஐ. லியோனியின் பட்டிமன்ற ஒலிநாடாக்கள் தொண்ணூறுகளில் தமிழகமெங்கும் ஒலித்தன. அவற்றின் நகைச்சுவையை நாங்களும் இரசித்தவர்களே. ஆயினும் அம்மேடைகள் வளர்த்த ஒரு பழக்கம் எங்களுக்கு உவப்பில்லை. பாட்டு என்றால் வரிகள் மட்டுமே. வரி புரியாவிடில் இரைச்சல். இலக்கியம் பயின்றோர் இத்தீர்ப்பை இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை எழுதியவர் வைரமுத்து, பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், இசை இளையராஜா. எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாடகர் வாய்திறக்குமுன்பே நம்மை ஈர்த்துவிடும் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இப்பெயரைச் சொன்ன பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரையும் நாங்கள் கேட்டதில்லை. (இசைத்தட்டு உறைகளிலும் வாத்தியக்காரர் பெயரைக் காண்பது அன்று அரிது.) அடுத்த ஆண்டே 'கலாகார்' என்னும் இந்திப் படத்திற்கு அப்பாட்டுச் சென்றது. சென்றவை மெட்டும் கிட்டாரும். தமிழ் வரிகள் இங்கேயே நின்றுவிட்டன. அங்கும் மக்கள் மயங்கினார்கள்.

கடல்கடந்த சான்று ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை அடுத்த பெல்ஷில், நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். பூட்டும் தோலும் வளர்த்த நம்மூருக்கு ஒருவகையில் உறவு. அப்பகுதியில் தோன்றிய டீனேஜ் ஃபேன்கிளப் குழுவின் 'பேண்ட்வேகனெஸ்க்' தொகுப்பை, 1991-இன் தலைசிறந்த தொகுப்பென அமெரிக்காவின் 'ஸ்பின்' இதழ் தேர்ந்தது. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அதன் முதற்பாடலான 'தி கான்செப்ட்' ஆறு நிமிடம். பிற்பகுதியில் சொல்லே கிடையாது. கிட்டார்கள் நிதானமாக இழைய, குரல்கள் வெறும் ஓசையாய் மேலெழுகின்றன. நம் நடுவர் அங்கே மணியடித்துவிடுவார். ஆங்கிலம் அரைகுறையாய் அறிந்த எங்களுக்கோ அவ்விடத்தில் எதுவும் புரியாமற் போகவில்லை.

மேலைக் கருவிக்கு இத்தனை வக்காலத்தா என்று தமிழாசிரியர்கள் சினக்கலாம். அவர்கள் வகுப்பில் நடத்தும் சிலப்பதிகாரத்தையே காட்டுவோம். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் பாட்டியற்றும் புலவனோடு நிறுத்திக்கொண்டாரா? தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே விரித்துரைத்தார். மாதவி அதன் பின்னர்தான் மேடையேறுகிறாள். தேவாரத்தைப் பண்முறையில் அடுக்கியவர்களும் தமிழர்களே.

ஆகவே அடுத்த பட்டிமன்றத்தின் நடுவருக்கு எங்கள் விண்ணப்பம்: வரிகளை வாசித்துக் காட்டுமுன் பாட்டை ஒருமுறை முழுதாக ஒலிக்கவிடுங்கள். கிட்டார் வாசித்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.