சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று மக்கள் கருத்துக்கேட்பு என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள்; அதையும் தள்ளிவைத்தார்கள். மூன்றாவது தேதி குறிப்பதற்கு முன் அதிகாரிகள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அதை ஒட்டிய பழவேற்காடு ஏரிக் குப்பத்து மீனவர் கையில் இருக்கும் ஃபோனில், இப்படியொரு திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை திறக்குமா?

இத்தகைய அறிக்கைகள் இணைப்புகளோடு சேர்ந்தால் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தையும் தாண்டிப் பக்கங்கள் போகும். அச்சடித்த தாளை ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகக் கட்டி இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்ததா? அதில் எழுத்தே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் படம்தான். விரலால் தள்ளத் தள்ள ஃபோன் ஒவ்வொரு படத்தையும் விரித்தாக வேண்டும். நாற்பதாவது பக்கத்தில் வட்டம் சுற்றும். அப்புறம் ஹேங் ஆகிவிடும். ‘முகத்துவாரம்’ என்று தேடினால் ஒன்றும் வராது. ஏரி கடலோடு சேரும் அந்த வாய் தூர்ந்தால் இறால் வரத்தே நின்றுபோகும் ஊரில், தேடவேண்டிய முதல் சொல் அதுதான்.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லவே வேண்டாம். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் முதல் வரியைக் காட்டுவேன் என்பது பழைய மென்பொருளின் முரட்டுத்தனம். கண்ணில் படும் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும் வித்தை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஏரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எல்லா வலையும் ஒரே நாளில் இறங்கினால் ஏரி தாங்காது என்றுதானே, இன்றைக்கு இன்னார் என்று ‘பாடு’ வைத்திருக்கிறார்கள்!

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம். தமிழில் கிடைப்பதோ சுருக்கம் மட்டும். 2020-இல் அதற்குப் பதிலாக வந்த புதிய வரைவு அறிவிக்கையை 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமோ மொழிபெயர்ப்பதற்குப் பதில் உச்ச நீதிமன்றம் போனது. அந்த மனப்பான்மைதான் இந்தக் கோப்புகளிலும் தெரிகிறது. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் படமாக வரும் கோப்பை வாங்கவே கூடாது; திருப்பி அனுப்ப வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்த, தேடக்கூடிய எழுத்துக் கோப்பு வேண்டும். முழு அறிக்கையும் தமிழில், ஒருங்குறியில் வேண்டும். ஒருங்குறியைத் தரமாக ஏற்று 2010-லேயே ஆணை போட்ட மாநிலம் இது. வரைபடங்கள் தனியாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, வாரிய அதிகாரி ஒருவர் பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பத்தில் நின்று, சாதாரண ஃபோன் ஒன்றில் ‘முகத்துவாரம்’ என்று தட்டிப் பார்க்கட்டும். பக்கம் திறக்கும் நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணுங்கள்.