பழைய எஞ்சினும் யூபிலி ஆண்டின் கணக்கும்

இவ்வாரத் தியானப் பகுதி: லேவியராகமம் 25:13-17



“வியாபாரம் வேறு, விசுவாசம் வேறு” என்னும் பேச்சு நம் கரையோரச் சபைகளில் வேதவசனத்துக்கு நிகராக வழங்கிவருகிறது. அது வசனமன்று, வசனத்துக்கு விரோதமான பொய். அதைக் காட்டுவதற்கு ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினின் விலையே போதும்.

படகிலிருந்து எஞ்சினைக் கழற்றி விற்கும் நிலை ஒரு குடும்பத்துக்கு எப்போது வருகிறது? தொழிலுக்குப் போன தகப்பன் மரித்த பிறகு. மருத்துவமனைச் செலவு கழுத்தை நெரிக்கும்போது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாதபோது. அந்த வேளையில் வாங்க வருகிறவர் எஞ்சினைப் பார்க்குமுன் வீட்டைப் பார்க்கிறார். பணம் எத்தனை நாளைக்குள் வேண்டும் என்று நயமாக விசாரிக்கிறார். பிறகு எஞ்சினைத் தட்டிப் பார்த்து, “இது ஒன்றுக்கும் உதவாது” என்கிறார். 60,000 ரூபாய் பெறும் பொருள் 35,000 ரூபாய்க்குக் கைமாறுகிறது. மறுநாள் கடற்கரையில் அதே எஞ்சினின் வலிமையைப் பற்றி அவர் பெருமை பேசுகிறார். நீதிமொழிகள் 20:14 இந்த மனிதரை நமக்கு முன்பே படம்பிடித்து வைத்திருக்கிறது.

கேட்டால், “அந்த அம்மா சம்மதித்துத்தானே கொடுத்தார்கள்?” என்கிறார்கள். பட்டினியின் வாயிலிருந்து வரும் சம்மதத்தை நீங்கள் சம்மதம் என்று எண்ணலாம். கர்த்தர் அப்படி எண்ணுவதில்லை.

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். இஸ்ரவேலில் விற்கப்பட்ட நிலம் யூபிலி ஆண்டில் உரியவருக்குத் திரும்பிவிடும். ஆகவே யூபிலிக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தால் விலை ஏறவேண்டும். சில ஆண்டுகளே இருந்தால் இறங்கவேண்டும். விற்கப்படுவது மண்ணல்ல, மீதமுள்ள விளைச்சல்களின் எண்ணிக்கை என்று கர்த்தர் காரணமும் சொல்லுகிறார். பயன்படுத்திய பொருளுக்கு விலை வைக்க இதைவிடத் தெளிவான விதி எங்கே உண்டு? பழைய எஞ்சினில் நாம் வாங்குவது இரும்பை அல்ல. அதில் மீதமிருக்கும் கடற்பயணங்களை. அந்த மீதிதான் விலையின் அளவு. விற்பவரின் கண்ணீர் அளவல்ல. வாங்குபவரின் சாமர்த்தியமும் அளவல்ல.

ஒருவரையொருவர் ஒடுக்கவேண்டாம் என்று அங்கே சொல்லும் எபிரெய வினைச்சொல்லிலிருந்தே யூத ரபீக்கள் ‘ஓனாஆ’ என்னும் சட்டத்தை வகுத்தார்கள். நியாய விலையிலிருந்து ஆறில் ஒரு பங்கு விலகினால் அது அநியாயம் என்று மிஷ்னா வரையறுக்கிறது. அது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொருந்தும் என்றும் சொல்லுகிறது. 60,000 ரூபாயில் ஆறில் ஒரு பங்கு 10,000. நாமோ 25,000 ரூபாயைப் பறித்துவிட்டு, ஞாயிறன்று காணிக்கைப் பையில் 500 ரூபாய் போடுகிறோம்!

மார்ட்டின் லூத்தரும் 1524ஆம் ஆண்டு வணிகத்தைக் குறித்து எழுதியபோது, அயலானின் தேவையையே விலையின் அளவுகோலாக்கும் வியாபாரியைக் கடுமையாகக் கண்டித்தார். சீர்திருத்தத்தின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

விற்பவர்களே, நீங்களும் தப்பமுடியாது. உப்பு அரித்த இடத்தின்மேல் புதுப் பெயிண்ட் பூசுவதும், குளிர்ந்திருந்தால் கிளம்பாத எஞ்சினை ஆள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பதும், கடலில் மூழ்கி எடுத்ததை மறைப்பதும் தந்திரமல்ல, களவு. கரையில் நின்றுபோகும் இரு சக்கர வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வரலாம். நடுக்கடலில் நின்றுபோகும் எஞ்சினை எங்கே தள்ளுவது? மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாதவன்மேல் இரத்தப்பழி சுமரும் என்று உபாகமம் 22:8 எச்சரிக்கிறது. பழுதை மறைத்து விற்கிறவனுக்கும் அதே பழி உண்டு.

அப்படியானால் நியாயத்தை எப்படி அறிவது? அதே குதிரைத்திறனுள்ள புது எஞ்சினின் இன்றைய விலையிலிருந்து தொடங்குங்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மெக்கானிக்கை அழையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கயிற்றை இழுத்துப் பாருங்கள். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. குளிரூட்டும் தண்ணீர் தடையின்றிப் பீறிட்டு வருகிறதா என்று பாருங்கள். ஓட்டி முடித்தபின் நல்ல தண்ணீரால் கழுவிவந்தார்களா என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு ஓடியது என்பதையும், பழுதுபார்க்க ஆகும் செலவையும் கழியுங்கள். மீதி வருவதை, வீட்டு நிலவரம் ஒன்றும் தெரியாதவர்போல் வையுங்கள்.

“ஐயா, வாங்குகிற நானும் ஏழைதானே, நானும் வட்டிக்குத்தானே வாங்குகிறேன்” என்று சிலர் கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. அப்படியானால் அந்த உண்மையையே சொல்லுங்கள்: “எஞ்சின் நல்லது, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது.” தவணை கேளுங்கள், அல்லது சிறிய எஞ்சினைத் தேடுங்கள். உங்கள் வறுமையைச் சொல்வது பாவமல்ல. நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லி, உங்கள் வறுமையை ஒரு விதவையின் தலையில் இறக்கிவைப்பதே பாவம். பேரம் பேசுவதை வேதம் தடுக்கவில்லை, பொய்யைத் தடுக்கிறது. சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்ட ஆபிரகாம், எப்பெரோன் சொன்ன 400 சேக்கல் வெள்ளியை எல்லார்முன்பாகவும் நிறுத்துக் கொடுத்தான். மறைக்க ஒன்றுமில்லாத பேரம் அது.

பிரியமானவர்களே, நம்மில் யாரேனும் இப்படி அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தால், குறைத்துக் கொடுத்த தொகையை இந்த வாரமே அந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான்; நீங்கள் ஒருமடங்காவது கொடுங்கள். அதன்பின் திருவிருந்துக்கு வாருங்கள்.

ஜெபம்: நீதியுள்ள ஆண்டவரே, எங்கள் தராசுகளையும் எங்கள் நாவுகளையும் நீரே சோதித்தறியும். அயலானின் நெருக்கத்தை எங்கள் ஆதாயமாக்காதபடி எங்களைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.