திங்கட்கிழமை யந்திரம்

"துணி துவைக்கத்தான் யந்திரம் வந்துவிட்டதே, அப்புறம் பெண்களுக்கு என்ன கஷ்டம்?" என்று வீட்டுப் புருஷர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவில் முதலில் வந்த யந்திரங்களின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அயோவா மாகாணத்து நியூட்டன் நகரில் இருந்த மேடேக் கம்பெனி 1922-ல் ஒரு யந்திரம் செய்தது. தொட்டியின் அடியில் ஒரு துடுப்பு. அது இப்படியும் அப்படியும் திரும்பிச் சோப்புத் தண்ணீரைத் துணிக்குள் செலுத்தும். தொட்டியின் மேலே, கரும்பு ஆலையில் இருப்பது போல இரண்டு உருளைகள். அவற்றின் நடுவே துணியைக் கொடுத்தால் பிழிந்து தள்ளிவிடும். மின்சாரமில்லாத பண்ணை வீடுகளுக்குப் பெட்ரோல் என்ஜின் வைத்த யந்திரங்களும் உண்டு. காலால் உதைத்துக் கிளப்பிவிட்டு, புகைக் குழாயை வெளியே நீட்டி வைக்க வேண்டும்!

திங்கட்கிழமைதான் அங்கே சலவை நாள். வெந்நீர் காய்ச்சி ஊற்றுவது வீட்டு அம்மாளின் பொறுப்பு. அத்தனை வெந்நீரையும் சோப்பையும் ஒரே தடவையில் கொட்டிவிட மனம் வருமா? முதலில் வெள்ளைத் துணி, பிறகு வர்ணத் துணி, கடைசியில் அழுக்கேறிய வேலை உடுப்பு என்று எல்லாம் அதே தண்ணீரில்தான். பிழிவது, அலசுவது, நீலம் போடுவது, மறுபடி பிழிவது என்று பொழுது போய்விடும். பொத்தான் உடையாமலிருக்க, அதை உள்பக்கமாக மடித்து உருளைக்குள் விட வேண்டும்.

பொத்தான் போனால் போகட்டும். உருளைக்குத் துணி எது, விரல் எது என்று தெரியுமா? பக்கத்தில் நின்ற குழந்தைகளின் கைகள் முழங்கை வரை அகப்பட்டு நசுங்கியதுண்டு. தட்டியவுடன் உருளைகள் விலகும்படி ஒரு விசை வைத்தார்கள். அப்படியும் விபத்து நிற்கவில்லை.

மேடேக் கம்பெனி 1983-ல் இந்த உருளை யந்திரங்களைச் செய்வதை நிறுத்தியது. அதே வருஷம் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை ஒரு புத்தகம் வெளியிட்டார். யந்திரங்கள் வந்து உடம்பு நோவு குறைந்ததே தவிர, இல்லத்தரசியின் வேலை நேரம் அவ்வளவாகக் குறையவில்லை என்பது அவர் கண்ட முடிவு. சலவைக்காரியிடம் போய்க்கொண்டிருந்த மூட்டையும் வீட்டுக்கே திரும்பிவிட்டது. துவைப்பது சுலபமாகவே, உடுப்பு மாற்றுவதும் அதிகமாயிற்று.

ஆகையால் சகோதரிகளே, வீட்டுக்குப் புது யந்திரம் வரும்போது விலையை மட்டும் விசாரித்தால் போதாது. உலர்ந்ததை எடுத்து மடித்து வைக்கப் போவது யார் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்!