மூன்று ரசீதுகளும் ஒரு பழுதும்

மாமல்லபுரத்துக் கடற்கரையை அடுத்த ஒரு சங்கத்தின் கணக்குகளை அண்மையில் நாம் பார்வையிட்டோம். சங்கத்தின் பழைய டீசல் டிராக்டருக்கு ஓராண்டில் மூன்று முறை ஹெட் கேஸ்கெட் மாற்றியதாக ரசீதுகள் இருந்தன. தொகை சரி, நிர்வாகக் குழுவின் அனுமதியும் சரி. டிராக்டர் மட்டும் நான்காம் முறையாகக் கொட்டகையில் நின்றது.

அது சம்பா நடவுக்குச் சேறடிக்கும் காலம். வசதியுள்ளவர்கள் தனியார் வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அரை ஏக்கர் அங்கத்தினர்களோ தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்; அவர்களுடைய நாற்று நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருந்தது. சங்கம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களே நஷ்டமடைந்தார்கள்.

எஞ்சினின் உடலுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே அமர்ந்திருக்கும் மெல்லிய தகடே இந்தக் கேஸ்கெட். எரியும் வாயுவும், குளிர்விக்கும் நீரும், எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் வேலை. ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி எழுந்தாலும், புகைபோக்கியில் வெண்மையான ஆவி வந்தாலும், எண்ணெய் மோர்போல் வெளுத்தாலும் இத்தகட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால், புதுத் தகடும் அடிக்கடி போகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் தகட்டினுடையதன்று.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் தலைப்பகுதி வளைந்துவிடும். வளைந்த தலையின்கீழ் எத்தனை தகடு வைத்தாலும் நிலைக்காது. நேரான எஃகுச் சட்டத்தை நீளவாட்டிலும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தால் வளைவு தெரிந்துவிடும். தயாரிப்பாளர் கையேடு கூறும் அளவை மீறினால், லேத்துப் பட்டறையில் சமன்செய்ய இயலுமா என்று பார்க்கவேண்டும். போல்ட்டுகளைக் கைப்போக்கில் முறுக்குவதும் தவறு. துளைகளைத் துடைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல தடவைகளில், டார்க் ரெஞ்சு கொண்டு குறித்த அளவுக்கு முறுக்கவேண்டும்.

சூடு ஏறியது ஏன்? விசிறிப் பட்டை தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் இடுக்குகளில் பதரும் தூசும் அடைத்திருக்கலாம். கடற்கரை ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர் மேலாகவே கிடைக்கிறது; மிகுதியாக இறைத்தால் உவர்நீர் ஏறிவிடுகிறது. அந்த நீரையே ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். உப்பு இரும்பை அரிக்கிறது. படிவு நீரோடும் வழியை அடைக்கிறது. நாளடைவில் தகடு அமரவேண்டிய விளிம்பே குழிவிழுந்துபோகிறது. நாம் பார்வையிட்ட சங்கத்தில் நிகழ்ந்ததும் இதுவே. காய்ச்சி வடித்த நீருடன் துருத்தடுப்புக் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை.

இதை நம் நெசவாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில் இழை அறுந்தால் முடிச்சிடுவார்கள்; அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால் தறியை நிறுத்தி அச்சையும் விழுதையும் ஆராய்வார்கள். டிராக்டருக்கு மட்டும் முடிச்சுமேல் முடிச்சிடுவது என்ன நியாயம்?

'கேஸ்கெட் மலிவு, பட்டறைச் செலவு அதிகம்' என்கிறார்கள். மலிவாக இருப்பதனாலேயே அது கேள்வியின்றி அனுமதி பெறுகிறது. எம்மீதும் பிழை உண்டு. ரசீதின் கூட்டலைச் சரிபார்த்தோமேயன்றி, ஒரே பொருள் ஏன் மும்முறை வாங்கப்பட்டது என்று கேட்டோமில்லை.

ஆகவே நாம் கூறுவது இதுதான். சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு டார்க் ரெஞ்சும் அளவுச் சட்டமும் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தட்டும். வண்டிக்கொரு குறிப்பேடு இருக்கட்டும்; ஊற்றிய நீர், ஏறிய சூடு, செய்த பழுது யாவும் அதில் ஏறட்டும். ஒரே பழுது இரண்டாம் முறை வந்தால், காரணம் எழுதப்படாமல் பணம் அனுமதிக்கலாகாது.

கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் ஒரு கடன் சங்கம் தோன்றிவிட்டது. தனியொருவனால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதே அன்று அவர்கள் கண்ட வழி. பணத்தைக் கூட்டாக வைக்கக் கற்ற நாம், கருவியையும் கவனத்தையும் கூட்டாக வைக்கக் கற்போமாக. அடுத்த சம்பாவில் அரை ஏக்கர்காரரின் நாற்று காத்திருக்கலாகாது.