கோப்பறையிலிருந்து வகுப்பறைக்கு

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அந்த நேரு யுகத்தைப் பின்னாளில் மூன்று பாகங்களில் எழுதிய சர்வபள்ளி கோபால் அப்போது வெளியுறவு அமைச்சகத்தில் வரலாற்றுப் பிரிவின் இயக்குநர். ஆவடியைத் தாண்டிப் போகும் ரயில் பாதையிலுள்ள திருத்தணிதான் அவருடைய தந்தை ராதாகிருஷ்ணனின் ஊர். தந்தை பேராசிரியராக இருந்து மாஸ்கோவுக்குத் தூதராகப் போனவர். மகன் போனது எதிர்த்திசையில். சீனாவுடன் எல்லைத் தகராறு முற்றியபோது லண்டன் ஆவணங்களை அலசினார். 1960இல் சீன அதிகாரிகளோடு பேசிய இந்தியக் குழுவில் இருந்தார். 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு, பிறகு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் என்று பாடம் நடத்தப் போனார். அரசு எப்படி முடிவெடுக்கிறது என்று அருகிலிருந்து பார்த்தவரின் எழுத்துக்குத் தனி வலு உண்டு. ஆனால், வழக்கில் ஒரு தரப்புக்கு வாதாடியவரே பிறகு தீர்ப்பும் எழுதினால் சந்தேகம் எழத்தான் செய்யும். அதற்காக அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்திரா காந்தியின் அனுமதியால் அவர் பார்த்த நேருவின் தாள்கள் மற்ற ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை என்பதே கோளாறு. அதேபோல, சீனாவுடனான 1962 போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை முறைப்படி வெளியிடவில்லை. கோபாலைச் சரிபார்க்க இன்னொரு கோபால் வேண்டாம். கோப்புகளைத் திறந்தால் போதும், ஆவடிக் கல்லூரி மாணவரே அதைச் செய்துவிடுவார்.