முதலில் மையம், பின்னரே வெட்டு

நூல் கற்றோர் கைத்தொழிலைத் தாழ்வென எண்ணுவதும், கைத்தொழிலோர் நூற்கல்வி தமக்கு வேண்டாததென ஒதுக்குவதும் நம் நாட்டின் நெடுநாட் குறைகளாம். சென்ற விடுமுறையில் விருதுநகரில் என் தாய்மாமன் நடத்தும் சிறு பட்டறையிற் கண்ட ஒரு வேலை இவ்விரு குறைகளையும் எனக்கு நன்கு உணர்த்தியது.

எண்ணெய் ஆலைக்குரிய வட்டத்தட்டு ஒன்றில் ஆறு துளைகள் இடவேண்டியிருந்தது. மில்லிங் இயந்திரத்தின்மேல் ரோட்டரி டேபிள் எனப்படும் சுழல்மேசையை ஏற்றினர். அதன் கைப்பிடியை 90 முறை சுற்றினால் மேசை ஒருமுறை சுழலும். எனவே ஒரு சுற்றுக்கு 4 பாகை, துளைதோறும் 15 சுற்று. கணக்கு இத்துணை எளிதாயிருக்க, முதிய மேஸ்திரி அரைமணி நேரம் ஒன்றும் வெட்டாது நின்றார். காரணம் வினவினேன். “மையம் பார்க்காமல் தொட்டால் தட்டு வீணாய்ப் போகும், தம்பி” என்றார்.

முதலாவது, மேசையின் மையம் ஸ்பிண்டிலின் அச்சுக்கு நேரே அமைதல் வேண்டும். ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டிக் கையாற் சுழற்ற, அதன் முனை மேசையின் நடுத்துளையைத் தடவிவரும். எதிரெதிர்ப் பக்கங்களில் முள் 0.10 மில்லிமீட்டர் வேறுபடின், மையப்பிழை அதிற் பாதியாகிய 0.05 மட்டுமே. முழுதும் நகர்த்துவோன் பிழையை மறுபக்கம் தள்ளுவானேயன்றி நீக்கான். இரண்டாவது, கேஜை அசையாது நிறுத்தி, மேசையைச் சுழற்றி, தட்டின் மையத்தை மேசையின் மையத்தோடு ஒன்றுவித்தல் வேண்டும். முன்னது தவறின் துளைவட்டத்தின் அளவு மாறும். பின்னது தவறின் துளைகள் ஒருபுறம் ஒதுங்கும்.

முந்தின நாள் அங்கே பணிபயிலும் இளைஞன் ஒருவன் முழு வேறுபாட்டையும் நகர்த்தித் தட்டொன்றைக் கெடுத்திருந்தான். ‘பாதி’ என்பதன் காரணத்தை அவனுக்கு ஒருவரும் விளக்கவில்லை. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், படிப்பதற்கு நூலில்லை. எனக்குத் தமிழ் எழுதத் தெரியும், எழுதுதற்குரிய தொழிலறிவில்லை. இருவருள் எவன் குறை பெரிது? என் குறையே என்பேன்.

பட்டறைச் சொற்கள் ஆங்கிலமாதலின் அவை இலக்கியத் தமிழுக்கு ஒவ்வா என்பர் சிலர். மையம், அச்சு, ஆரம், பாகை என்பன நம் சொற்களல்லவா? எஞ்சிய சில பிறமொழிச் சொற்களை ஏற்பதனால் தமிழ் சிறுமையுறாது; தொழிலாளிக்குப் பயன்படாது நிற்பதனாலேயே சிறுமையுறும்.

1922-ஆம் ஆண்டு சிவகாசியினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அதன்வழிப் பட்டாசும் அச்சுத்தொழிலும் அவ்வூரிற் செழித்தன. வண்ணத்தின்மேல் வண்ணம் இம்மியும் பிசகாது விழவேண்டிய அவ்வச்சுக்கூடங்களிலும், முதலில் நேர்நிறுத்துதலே தொழிலின் உயிர். ஆயிரம் கல்லுக்கு அப்பாற் சென்று அவர் கற்றனர். நம் தெருமுனைப் பட்டறைக்குச் செல்ல நாம் தயங்குகிறோம்.

ஆதலின் நண்பர்காள்! விடுமுறைதோறும் ஒரு தொழிலையேனும் அருகிருந்து கண்டு தெளிந்த தமிழில் எழுதுவோமாக. நம் ஆண்டுமலரும் அவற்றிற்குச் சில பக்கங்கள் ஒதுக்குக. அவ்விளைஞன் அடுத்த தட்டைக் கெடாது காத்தல், நாம் இயற்றும் நூறு வருணனைகளினும் தமிழுக்குப் பெருமை தரும்.