கடைகள் மூடும் நாடும், ஓய்வில்லாத நம் பிள்ளைகளும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்று பேசும்போது முன்பெல்லாம் துபாய், குவைத், தோகா என்ற ஊர்ப் பெயர்கள் காதில் விழும். இப்போது மியூனிக், பெர்லின், ஆகன் என்ற பெயர்களும் சேர்ந்துவிட்டன. ஜெர்மனியில் 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,483 இந்திய மாணவர்கள் படித்தனர். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம்.

அங்கே போன முதல் வாரத்திலேயே நம் பிள்ளைகளைத் திகைக்க வைப்பது குளிர் அல்ல, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இரவுக்குள் அரிசி, பால், முட்டை வாங்கி வைக்காவிட்டால் மறுநாள் திண்டாட்டம்தான். இரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், சில மணி நேரம் ரொட்டிக் கடைகள், இவை தவிர எல்லாம் மூடியிருக்கும். சுவரில் துளை போடக் கூடாது. புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது. காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருவோரத் தொட்டியில் போடுவதுகூட அன்று தடை, சத்தம் கேட்குமாம்! ஒலிபெருக்கியும் உறவினர் கூட்டமுமாய் ஞாயிறைக் கழித்த பிள்ளைக்கு இந்த அமைதி ஊரடங்கு போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

இது வெறும் பழக்கம் அல்ல, அரசியல் சட்டம். ஞாயிறும் திருநாள்களும் வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாள்கள், உள்ளம் உயர்வடையும் நாள்கள் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் கூறியது. 1949இல் வந்த அடிப்படைச் சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. திருவருகைக் கால ஞாயிறுகள் நான்கிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, பெர்லின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் எவாஞ்சலிக்கல் திருச்சபையும் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் முதல் நாள் கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டுக் கத்தோலிக்கரில் ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் 2023இல் நூற்றுக்கு ஆறு பேர் அளவே. ஆலயம் காலி, ஆனாலும் ஞாயிறு காக்கப்படுகிறது. கடை ஊழியர்களின் தொழிற்சங்கமும் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கங்களும் கைகோத்து அதைக் காத்துவருகின்றன. ஆயினும் விரிசல்கள் விழாமல் இல்லை. ஊழியரே இல்லாமல் இயந்திரத்தால் இயங்கும் சிறு கடைகள் ஞாயிறன்றும் திறந்திருக்க ஹெஸ்ஸன் மாநிலம் 2024இல் சட்டத்தைத் திருத்தியது.

பெரிய விரிசல் வேறிடத்தில் இருக்கிறது. கடைகள் மூடினாலும் உணவகங்கள் மூடுவதில்லை. வீட்டில் ஓய்வெடுப்பவர் கைபேசியில் உணவுக்குச் சொல்கிறார். முதுகில் சதுரப் பெட்டியைச் சுமந்து, மழையிலும் பனியிலும் மிதிவண்டி மிதித்து அதைக் கொண்டுவருபவர் யார்? பெர்லின் போன்ற நகரங்களில் பல வேளைகளில் இந்திய மாணவர்தான்.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. விசா பெற, ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. நம் பணத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தனியார் கல்லூரிகளில் சேரும் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய வீட்டுப் பிள்ளை ஞாயிறு வேலையை வேண்டாம் என்று சொல்லுமா? ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய 2024 மார்ச் முதல் சட்டம் இடம் தருகிறது. அந்த நாள்களில் எத்தனை ஞாயிறுகளாகப் போகின்றன என்பதை யாரும் எண்ணுவதில்லை.

இடையில் ஒரு செய்தி. குடியிருப்புப் பதிவில் மதம் கேட்கும் இடத்தில் 'கத்தோலிக்கர்' என்று எழுதாதே, வரி பிடிப்பார்கள் என்று சில முகவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். அங்கே திருச்சபை வரி என்பது வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காடு. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத மாணவருக்குப் பொதுவாக அது இல்லை. இந்தப் பயத்துக்காகத் தன் நம்பிக்கையை மறைக்க வேண்டியதில்லை.

அந்நாட்டு மரபுகள் நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கவும் செய்கின்றன. நவம்பர் 11இல் புனித மார்ட்டின் விழாவுக்குக் குழந்தைகள் விளக்கேந்தி வருவார்கள். ஜனவரி தொடக்கத்தில் மூன்று அரசர் வேடமிட்ட சிறுவர் வீடு வீடாகப் பாடி, 'கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக' என்பதன் இலத்தீன் முதலெழுத்துகளைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதி, ஏழைக் குழந்தைகளுக்காகக் காணிக்கை பெறுவார்கள். 1959 முதல் நாடெங்கும் நடக்கும் வழக்கம் இது. ஆகஸ்டில் கெவலார் மாதா திருத்தலத்தில் ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், இந்துக்களும் வருவார்கள். வேளாங்கண்ணியை நினைத்து ஏங்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் போதும், முகம் மலர்ந்துவிடும். ஆனால் அன்று விடுப்புக் கிடைக்க வேண்டுமே!

குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை மணி என்றால் அங்கே மாலை ஆறு. ஞாயிறு இரவு நாம் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டியா? பூசைக்குப் போனியா?" என்று கேட்கிறோம். பிள்ளை எடுக்காவிட்டால் மனம் வருந்துகிறோம், சில வேளை கோபப்படுகிறோம். அங்கே இரவு உணவுக்கு அதிக அழைப்புகள் வரும் நேரம் அதுதான். இன்று எத்தனை மணி நேரம் வேலை, கடனில் இன்னும் எவ்வளவு மீதி என்று அவனிடம் கேட்டு எத்தனை வாரம் ஆயிற்று?